வீதி நாடகத்தில் கொங்குப் பேச்சு: ‘ங்’ காதில் விழுகிறதா?

ஹெல்மெட்டோ போதைப்பொருளோ, கொங்குப் பக்கத்து இளவட்டங்களுக்கு வீதி நாடகம் போடுவதென்றால் பல குழுக்கள் முதலில் எழுதுவது ‘ஏனுங்ணா’ என்ற இழுவையைத்தான். சினிமாவில் கேட்டுப் பழகிய அந்த இழுவைக்குக் கோவை காந்திபுரத்தில் சிரிப்பு வரும், சேதி நிற்காது. தங்களுக்குள் இளவட்டங்கள் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. கூட்டாளியிடம் ‘என்றா மாப்ள’ என்கிற அதே வாய், பெரியவர் ஒருவர் வந்ததும் ‘வாங்ணா’ என்று மாறும். நாடகம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

வசனம் எழுதுமுன், ஆடப்போகும் இடத்துக்கு ஆடப்போகும் நேரத்திலேயே போய்க் காது கொடுங்கள். செல்போனில் பதியாதீர்கள், தெரிந்தால் பேச்சு விறைத்துவிடும், தெரியாமல் பதிவது முறையல்ல. திருப்பூர் பனியன் கம்பெனி வீதியில் ‘ஒன்றரை ஷிப்ட்’, ‘பீஸ் ரேட்’, ‘கைமடி’, ‘செக்கிங்’ எல்லாம் அன்றாடப் பேச்சு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. அங்கே வசனத்தைக் குறைத்துக் கைகளை ஆடவிடலாம்.

அதிகம் சொதப்புவது ஒலியில். மரியாதை ஏறியிருப்பது சொல்லின் கடைசியில் வரும் ‘ங்’கில். மெல்லிய மூக்கொலி அது; பஸ் உறுமினால் முதலில் காணாமல் போவதும் அதுதான். ‘வாங்’ என்றது ‘வா’ என்று விழுந்தால், எதிரே நிற்கும் பெரியவர் முகம் சுளிப்பார். அதனால் ‘ங்’குக்குப் பின் அரை நொடி நிறுத்துங்கள், உடல் லேசாகக் குனியட்டும், முக்கியமான வரியைக் குழுவே திருப்பிச் சொல்லட்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பாருங்கள், குரல் சிதறாது. பறை அடிப்பவர் வசனத்தின்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் (இதற்குத்தான் ஒத்திகையில் சண்டையே வரும்).

சாதியையும் பெண்களையும் குத்தும் வசவுகளை வில்லன் வாயில்கூட வைக்காதீர்கள். பையன்கள் கதையை மறந்து வசவை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம். அங்கே பறையும் வேண்டாம்.

திருப்பூர்க் கூட்டத்தில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் நிறைய. கடைசி ஒத்திகையை ஒரு தடவை வாய் திறக்காமலே ஆடிப் பாருங்கள். கதை எங்கே புரியாமல் போகிறதோ, அங்கே வசனத்தைக் கூட்டாமல் செய்கையைச் சேருங்கள்.