பழைய விளையாட்டு அட்டைகளை விற்கக் கொண்டுசெல்லும் முன்

பழைய தபால்முத்திரை, நாணயம், விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டை ஆகியவற்றை வாங்கி விற்பது என் தொழில். மட்டக்களப்பு நகரிலிருந்து இதைச் செய்துவருவதால், ஏறாவூர், களுவாஞ்சிக்குடி தொடங்கி கல்முனை, அக்கரைப்பற்று வரையுள்ள வீடுகளின் றங்குப் பெட்டிகளிலிருந்து வெளிப்படும் அல்பங்களில் பல, கொழும்பில் நடக்கும் சேகரிப்பாளர் கண்காட்சிகளுக்குப் போகும் வழியில் என் மேசைக்கு வந்துவிட்டே போகின்றன. அவற்றில் கணிசமானவை நல்ல விலை பெறாமல் திரும்புகின்றன. நாற்பது, ஐம்பது ஆண்டு பெட்டிக்குள் கிடந்தபோது ஏற்பட்ட சேதத்தைவிட, விற்பதென்று முடிவெடுத்த நாளுக்கும் கண்காட்சி நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் வீட்டார் அக்கறையோடு செய்த வேலைகளே பெரும்பாலும் அவற்றின் விலையைக் குறைத்துவிட்டிருக்கின்றன என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2022 ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்க பேஸ்போல் வீரர் மிக்கி மான்டிலின் டொப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அட்டை ஒன்று 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் போனது. அந்தச் செய்தி கைத்தொலைபேசிகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டி, "இது அதைவிடப் பழசு ஐயா" என்று அட்டையை நீட்டுவோர் உண்டு. ஆனால் அந்த அட்டையின் வேறு பிரதிகள் உலகில் ஏராளம் இருக்கின்றன. அந்தக் குறிப்பிட்ட பிரதி மட்டும் அந்த விலைக்குப் போனதற்குக் காரணம், தரப்படுத்தும் நிறுவனம் ஒன்று அதற்குப் பத்துக்கு ஒன்பதரை அளித்திருந்ததுதான். மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, விளிம்புகள் நைந்திருக்கின்றனவா, மேற்பரப்பில் கீறலோ மடிப்போ கறையோ உண்டா, படம் சட்டத்தின் நடுவே அமைந்திருக்கிறதா என்ற நான்கையும் பார்த்தே இந்தத் தரம் இடப்படுகிறது. அட்டையின் வயது இந்தப் பட்டியலில் இல்லை. அதே வீரரின் அதே அட்டை மடிந்து கசங்கியிருந்தால், மேலே சொன்ன தொகையின் மிகச் சிறிய பங்கே கிடைக்கும்.

நம் பகுதி வீடுகளிலிருந்து வருபவற்றில் மதிப்புக் கவனிக்கத்தக்கவை, ஆங்கிலேயர் காலத்துச் சிகரெட் பெட்டிகளோடு வந்த கிரிக்கெட் அட்டைகள். வில்ஸ் நிறுவனம் 1896இல் ஐம்பது கிரிக்கெட் வீரர்களைக் கொண்ட தொகுதியை வெளியிட்டது. ஜோன் பிளேயர் நிறுவனம் 1934இலும் 1938இலும் வெளியிட்ட ஐம்பது ஐம்பது அட்டைகள் கொண்ட தொகுதிகள் இன்னும் அதிகம் அகப்படுகின்றன; அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் டொன் பிராட்மன் அவற்றில் இருப்பதால் அவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டினால் 1940இல் இந்த அட்டைகள் நின்றுபோயின. இவை மிகப் பெருந்தொகையில் அச்சிடப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: முழுத் தொகுதியாகவும் தூய்மையாகவும் இருந்தாலன்றி இவற்றால் பெரும்பணம் வருவதில்லை.

1930களின் பிளேயர் அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில், தபால்முத்திரையில் உள்ளதைப் போலப் பசை பூசப்பட்டிருக்கும். நனைத்து அல்பத்தில் ஒட்டுவதற்காக நிறுவனமே செய்த ஏற்பாடு அது. வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரின் ஈரக்காற்றில், மார்கழி மழைக்காலத்தில், எவரும் நனைக்காமலே அந்தப் பசை இளகி, ஒட்டப்படாத அட்டைகள் ஒன்றோடொன்று கட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. இங்கேதான் வீட்டு வைத்தியம் தொடங்குகிறது. கத்தி நுனியால் பிரிக்கிறார்கள். கொதிக்கும் கேத்தலின் ஆவியில் காட்டுகிறார்கள். நெளிந்ததை அயன்பெட்டியால் தேய்க்கிறார்கள். பூஞ்சணம் போகட்டும் என்று முற்றத்து வெயிலில் காயப்போடுகிறார்கள். கத்தி மேற்பரப்பை உரித்துவிடும். ஆவி வண்ணத்தின் மேல் வெள்ளைப் படலத்தை விடும். வெயில், சிவப்பையும் மஞ்சளையும் முதலில் வெளுக்கச் செய்யும். ஒட்டிப்போன கட்டியை அப்படியே ஒரு காகித உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. பிரிப்பதா, எப்படிப் பிரிப்பது, பிரிப்பதற்குத் தகுதியுண்டா என்பதை அதைக் கையாளப் பழகியவர் தீர்மானிக்கட்டும்.

இவற்றைவிடக் கொடியது லமினேட் செய்வது. பாதுகாப்பு என்று நினைத்துப் பத்திரப்படுத்திய அட்டையைச் சேகரிப்பாளர் எவரும் தொடமாட்டார், ஏனெனில் அந்தப் பிளாஸ்டிக்கை அட்டையைச் சிதைக்காமல் நீக்க வழியில்லை. செலோ டேப்பும் அப்படியே. பட்ட இடம் சில ஆண்டுகளில் பழுப்பாகிவிடும். பெயர் எழுதிய பேனா மையை அழிறப்பரால் அழிக்க முயல்வதும் வேண்டாம். எழுத்துள்ள அட்டையை எழுத்துள்ள அட்டையாகவே விற்கலாம், தேய்ந்த அட்டைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

நைந்த ஓரத்தை வெட்டிச் சீராக்குவது குறித்துத் தனியாகச் சொல்லியாகவேண்டும். பேஸ்போல் உலகில் மிகப் புகழ்பெற்றது, 1909 முதல் 1911 வரை வெளிவந்த புகையிலை அட்டைத் தொகுதியிலுள்ள ஹோனஸ் வாக்னரின் அட்டை. அதன் ஒரு பிரதியே, 1991இல் தொடங்கிய பீ.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலாகத் தரப்படுத்திய அட்டை. பத்துக்கு எட்டு பெற்றது. அதை முன்னர் வாங்கி விற்ற வியாபாரி பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதை 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்பேர்ப்பட்ட அட்டை என்பதால் அது இன்னும் விலைமதிப்போடு இருக்கிறது. நம் வீட்டுப் பிராட்மனுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. சிகரெட் அட்டை ஏறக்குறைய 36க்கு 68 மில்லிமீற்றர் இருக்கும், 1957 முதல் வந்த டொப்ஸ் அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருக்கும் என்பதை வாங்குவோர் அறிவார்கள். அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் அளவுகோல் காட்டிவிடும். வெட்டியது தெரிந்த பிறகு அல்பத்தின் மற்ற அட்டைகள் மீதும் ஐயம் எழும்.

கைவேலை வேண்டாமென்றால் வேறென்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். புகைப்பட அல்பங்களிலுள்ள மணக்கும் பீ.வீ.சீ. தாள்களிலிருந்து அட்டைகளை மெல்ல எடுத்து, பொலிப்ரொப்பிலீன் உறைகளுக்கு மாற்றுங்கள், பீ.வீ.சீ. காலப்போக்கில் எண்ணெய் போன்ற ஒன்றைக் கசியவிட்டு அட்டையை ஒட்டச் செய்யும். இறப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள், அது ஓரத்தில் பள்ளம் பதிக்கும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில், அதுவும் அடித்தட்டில் வைக்காதீர்கள். வெள்ளம் எந்த மாதத்தில் வரும் என்பதை மட்டக்களப்பாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

உண்மையான அட்டைதானா என்பதை அறியப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். பழைய அட்டைகளில் பெயர், எல்லைக்கோடு போன்றவை பெரும்பாலும் ஒரே நிறத்தில், புள்ளியின்றித் திண்மையாக அச்சாகியிருக்கும். படமெடுத்து மறுபடி அச்சிட்ட போலியிலோ எழுத்தும் கோடும்கூடச் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரியும். ஏமாற்றும் நோக்கமின்றி வெளியிடப்பட்ட மறுபதிப்புகளும் உண்டு. அவற்றின் பின்புறத்தில் மறுபதிப்பு என்ற குறிப்பு இருக்கும், அதைச் சுரண்டி விற்போரும் உண்டு.

கையொப்பங்களுக்கும் இதே சோதனையே. 1948இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் பிராட்மனின் அணி கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராக அளக்கப்பட்டிருந்ததைப் பாதி ஆட்டத்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்பதற்காகவே நினைவுகூரப்படும் ஆட்டம் அது. தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் என்பதால் நம்மவர் வீடுகளில் அக்காலக் கையொப்பம் இருப்பதாகச் சொன்னால் நம்பத் தோன்றும். ஆனால் சுற்றுப்பயண அணிகளின் கையொப்பங்கள் தாளில் அச்சிட்டும் வழங்கப்பட்டன. பேனா மை தாளின் இழைகளில் ஊறியிருக்கும். கோடுகள் குறுக்கிடும் இடத்தில் நிறம் அடர்ந்திருக்கும். அச்சுக் கையொப்பத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இராது.

கனடாவிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் ஐஸ் ஹொக்கி அட்டைகளும் இப்போது வரத் தொடங்கியுள்ளன. 1979ஆம் ஆண்டு ஓ-பீ-சீ நிறுவனத்தின் வெய்ன் கிரெட்ஸ்கி அட்டை ஒன்று 2021இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனதால் அதன் போலிகள் மலிந்துவிட்டன. ஓ-பீ-சீ அச்சுத் தாள்கள் கம்பியால் அறுக்கப்பட்டமையால் உண்மையான அட்டைகளின் ஓரம் பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும். ஓரம் மிகச் சுத்தமாக இருந்தால் மகிழாமல் ஐயுறவேண்டும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க அட்டைகள் அளவுக்கு மீறி அச்சிடப்பட்டவை. பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தாலும் சொற்ப விலைதான். ஹொக்கி அட்டையைக் கொழும்புக்குக் கொண்டுவருவதைவிட, ரொறன்ரோவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அட்டைக் கண்காட்சியில் பிள்ளைகளே விற்பது நல்லது.

இனிக் கண்காட்சி நாள். முதல் வேலை, எதையும் பையிலிருந்து எடுக்காமல் மண்டபத்தை ஒருமுறை முழுவதும் சுற்றிவருவது. உங்களிடமுள்ள வகையை எந்த மேசைக்காரர் வைத்திருக்கிறார், என்ன விலை ஒட்டியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். இணையத்தில் கேட்கப்படும் விலையைப் பார்த்து வராமல், விற்று முடிந்த விலைகளைப் பார்த்துக் குறித்துவாருங்கள். கேட்பதற்கு எவருக்கும் செலவில்லை. வியாபாரி தான் விற்கக்கூடிய விலையின் பாதியையோ, நல்ல பொருளுக்கு அதற்குச் சற்று மேலேயோதான் தருவார். இதை ஏமாற்று என்று பலர் கோபிக்கிறார்கள். மேசை வாடகை, பயணம், மாதக்கணக்கில் முடங்கும் முதல் எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கவேண்டும். முழு விலை வேண்டுமானால் நீங்களே ஒரு மேசை எடுத்து நாள் முழுதும் உட்காரலாம். அப்போது இருவராகப் போங்கள், பூட்டக்கூடிய கண்ணாடிப் பெட்டி வைத்திருங்கள், சில்லறையும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் மறவாதீர்கள். இரவுப் புகையிரதத்தில் போவோர் பையை மேல்தட்டில் போட்டுவிட்டு உறங்கவேண்டாம்.

பேரத்தில் நான் பார்க்கும் பெரிய இழப்பு, தொகுதியை உடைப்பது. வாங்குபவர் பிராட்மனையும் இன்னும் மூவரையும் மட்டும் எடுத்துக்கொண்டு நல்ல விலை தருவார். எஞ்சிய நாற்பத்தாறையும் பிறகு எவரும் கேட்கமாட்டார்கள். முழுமைக்கு ஒரு விலை, தனித்தனியே ஒரு விலை என இரண்டையும் கேட்டு ஒப்பிட்ட பின்னரே பிரியுங்கள். கடைசி நாள் மாலையில் மேசைக்காரர்கள் விலையைத் தளர்த்துவது, பொருளைத் திரும்பச் சுமக்க மனமில்லாததால்தான். வாங்குபவருக்கு அது நல்ல நேரம். விற்கப் போகிறவர் முதல் நாள் காலையில், வியாபாரிகளின் கையில் பணம் இருக்கும்போதே போகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக அல்பம் யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. வீட்டோடு தகப்பனாரின் றங்குப் பெட்டியும் அங்கேயே தங்கிவிடுகிறது. மருமகன் அதைத் திறந்து விற்ற பிறகு, பிள்ளைப் பருவத்தில் அந்த அட்டைகளைச் சேர்த்த அண்ணன் லண்டனிலிருந்து அழைப்பெடுக்கிறார். நான் இப்போது உடன்பிறந்தோர் அனைவருடைய சம்மதமும் எழுத்தில் இல்லாமல் குடும்ப அல்பங்களை வாங்குவதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரியாக இருந்தாலும் போதும்.