டெமோ என்பது செயல்விளக்கம் அல்ல

ஆர்வத்துக்காக நிரல் எழுதுவோர் கணினியில் படைக்கும் ஒலி-ஒளிக் கலைக்கு உலகெங்கும் 'டெமோ' என்று பெயர். தமிழில் அதைப் பற்றி எழுதும்போது 'செயல்விளக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கலைஞர்களின் உலகமான டெமோசீன், 'செயல்விளக்கக் காட்சி' ஆகிவிடுகிறது. இரண்டு பெயருமே பிழை. இரண்டாவது, பொருளே தராத பிழை.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'மோன்ஸ்த்ராரே' என்றால் காட்டுதல். முன்னொட்டுச் சேர்ந்து 'தெமோன்ஸ்த்ராரே' ஆனது. ஆங்கிலத்தின் டெமான்ஸ்ட்ரேஷன் அதிலிருந்து வந்தது. அதன் சுருக்கம் டெமோ. ஆனால் இந்தக் கலைக்குப் பெயர் வந்த வழி அகராதியில் இல்லை. 1980களில் கமடோர் 64, அமிகா கணினிகளில் விளையாட்டுகளின் நகல்காப்பை உடைத்துப் பரப்பியவர்கள், உடைத்தது யார் என்று தெரிவிக்க விளையாட்டுக்கு முன்னால் தங்கள் குழுவின் பெயரை ஓடவிட்டார்கள். எழுத்து அலைபோல் நெளிந்து ஓடும், கூடவே இசை. நாளடைவில் அந்த முகப்பு விளையாட்டை உதறிவிட்டுத் தனிப் படைப்பாக நின்றது. 'இந்தப் பொறியில் இதுவும் முடியும்' என்று சக நிரலர் முன் நிகழ்த்திக் காட்டுவதே அதன் நோக்கம். விற்பதோ கற்பிப்பதோ அதில் இல்லை.

செயல்விளக்கம் நல்ல சொல்தான், அதன் இடத்தில். கடலூர் மாவட்டத்தில் வேளாண் துறை உழவர் நிலத்திலேயே செயல்விளக்கத் திடல் அமைக்கிறது. ஒரு பாத்தியில் புதிய ரகம், பக்கத்தில் வழக்கமான ரகம். வந்து பார்ப்பவர் அடுத்த போகத்தில் தம் வயலில் அதைச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தீயணைப்பு வீரர்கள் காலிக் குடத்தையும் கேனையும் கயிற்றால் பிணைத்து மிதவை கட்டிக் காட்டுகிறார்கள். வெள்ளம் வந்தால் பார்த்தவர் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். புதுச்சேரிப் பொறியியல் மாணவர் 'நாளைக்கு டெமோ இருக்கு' என்று சொல்வதும் இவ்வகைதான்: செய்த புராஜெக்ட் ஓடுகிறது என்று ஆசிரியருக்குக் காட்டுவது. மூன்றிலும் விளக்கப்படும் பொருள் ஒன்று வெளியே இருக்கிறது. விளக்கம் முடிந்ததும் அந்தப் பொருள்தான் மிஞ்சும். டெமோவுக்கு அப்படி வெளியே ஒன்றுமில்லை. திரையில் ஓடுவதுதான் படைப்பு. அதற்கு அப்பால் அது எதையும் விளக்கவில்லை.

பெயர் பிழைத்தால் மதிப்பீடும் பிழைக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். செயல்விளக்கம் என்று படித்தவர், 'எதை விளக்குகிறது, இதனால் என்ன பயன்?' என்றுதான் கேட்பார். பயன் தெரியாதபோது, 'சினிமா கிராஃபிக்ஸ் இதைவிட நன்றாக இருக்கிறதே' என்று ஒதுக்கிவிடுவார். அவர் பார்க்கத் தவறியது கணக்கை. 1920×1080 அளவுள்ள ஒரே ஒரு படச்சட்டத்தைச் (ஃப்ரேம்) சுருக்காமல் சேமிக்க 62,20,800 பைட் வேண்டும். டெமோ போட்டிகளின் 4 கே (4 கிலோபைட்) பிரிவில் மொத்த நிரலுக்கும் இசைக்கும் சேர்த்து அனுமதி 4,096 பைட். படம் ஒன்றைக்கூட உள்ளே வைக்க இடமில்லை. எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே கணக்கிட்டு வரைய வேண்டும். நொடிக்கு 60 சட்டம் என்றால் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. 2009இல் ஜெர்மனியில் டெமோ கலைஞர்கள் கூடிய பிரேக்பாயிண்ட் நிகழ்வில் வந்த 'எலிவேட்டட்' என்ற டெமோ, பனிபடர்ந்த மலைத்தொடர் முழுவதையும் இசையோடு 4,096 பைட்டுக்குள் அடக்கியது. இதைச் சினிமாவோடு ஒப்பிடுபவர் தவறான தராசில் நிறுக்கிறார்.

'கணினி அசைவூட்டம்' என்று இன்னொரு பெயரும் புழங்குகிறது. செயல்விளக்கத்தைவிட இது கொஞ்சம் அருகில் வருகிறது, ஆனாலும் சரியில்லை. அசைவூட்டத்தில் சட்டங்கள் முன்பே வரைந்து வைக்கப்பட்டவை. ஓட்டும்போது பொறி அவற்றைப் புரட்டுகிறது, அவ்வளவே. டெமோ ஓட்டும்போதெல்லாம் புதிதாகப் பிறக்கிறது. பொறி மாறினால் அதன் ஓட்டமும் மாறும்.

என் பரிந்துரை 'நிரற்கூத்து'. நிரல் + கூத்து. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும், கல் + குடம் கற்குடம் ஆவது போல. 'நிரல்கூத்து' என்று எழுதுவதை ஏற்பதற்கில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்க்கும் கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. கூத்து ஒவ்வொரு முறையும் அந்தக் களத்திலேயே நிகழ்வது. அடவும் மத்தளமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. டெமோவின் இலக்கணமும் இதுதான்: உடனிகழ்வு, ஒலியும் அசைவும் பிணைந்திருத்தல். 'என்ன கூத்து இது' என்று ஏளனமாகவும் சொல்கிறோமே என்றால், அது பேச்சுவழக்கின் இழிபொருள். அதற்காக ஒரு பெருங்கலையின் பெயரைக் கைவிட வேண்டியதில்லை.

கூத்து என்று வைத்ததும் மற்றச் சொற்களும் தாமாக அமைகின்றன. விளையாட்டின் முன்னால் குழுப்பெயர் ஓட்டும் அந்தப் பழைய முகப்பு 'கட்டியம்'. கட்டியங்காரன் வந்து யார் வருகிறார் என்று சொல்வதுதான் அது. ஆங்கிலத்தில் 'கிராக் இன்ட்ரோ' எனப்படும் அதை 'விரிசல் அறிமுகம்' என்று பெயர்த்தவர் சொல்லைப் பார்த்தார், பொருளைப் பார்க்கவில்லை. அங்கே விரிசல் எதுவுமில்லை, உடைந்தது பூட்டு. இன்று 64 கே இன்ட்ரோ, 4 கே இன்ட்ரோ என்பவை எதற்கும் அறிமுகம் அல்ல, அளவுக்கட்டுள்ள படைப்புகள், அவை 'குறுங்கூத்து'. சீன் என்பது காட்சியே அல்ல, இலக்கிய வட்டம் என்கிறோமே அந்த வட்டம். இந்த வட்டத்தார் பார்ட்டி என்பதைக் கட்சி என்றும் விருந்து என்றும் எழுதுகிறார்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் சேர்ந்து, போட்டியில் வைத்து, வாக்களிக்கும் நிகழ்வு அது. 'கூடல்' என்று சொல்லலாம். கூடலூர்தான் கடலூர் ஆனது என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் இந்தச் சொல் நினைவுக்கு வராமல் போனது வருத்தமே. பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் இந்த வட்டத்தைத் தங்கள் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. அந்த அளவுக்கு மதிப்புப் பெற்றதை விருந்து என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

இனி, நிரற்கூத்தைத் திறனாய்வு செய்பவர் கவனிக்க வேண்டியவை. முதலில் யூடியூப் பதிவை வைத்து எழுதக் கூடாது. இருண்ட வானத்தில் நிறம் படிப்படியாக மாறும்போது பட்டை பட்டையாகத் தெரியாமலிருக்க நிரலர் நுண்ணிய புள்ளிகளாக இரைச்சலைத் தூவியிருப்பார். காணொளிச் சுருக்கம் முதலில் தின்பது அதைத்தான். பட்டை தெரிகிறது என்று நிரலரைக் குறை சொல்வது அநியாயம். நிரலையே இறக்கி ஓட்டுங்கள். நிரலைச் சுருக்கிப் பொதிந்திருக்கும் முறையைப் பார்த்து வைரஸ் தடுப்பான் எச்சரிக்கும். ஆகவே கூடல்களின் சொந்தப் பக்கங்களிலிருந்து மட்டும் எடுத்து, முக்கியக் கோப்புகள் இல்லாத தனிக் கணினியில் ஓட்டுவது நல்லது. திரை கருப்பாகவே நின்றால் படைப்பு மோசம் என்று முடிவுகட்டாதீர்கள். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர் பொறுத்துக்கொள்ளும் ஷேடர் (அட்டையில் ஓடி நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) பிழையை மற்ற டிரைவர்கள் ஏற்க மறுப்பது வழக்கம். கூடவே வரும் உரைக்கோப்பில் எந்த அட்டையில் சோதித்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பிறகு இசைப்பிணைப்பு. தாளம் விழும் இடத்தில் காட்சி மாறுகிறதா என்று பார்க்கும்போது, தொடக்கத்தில் மட்டும் அல்லாமல் கடைசி நிமிடத்திலும் பாருங்கள். நேரத்தை ஒலியின் ஓட்டத்திலிருந்து எடுக்காமல் சட்டங்களை எண்ணி எடுத்திருந்தால், மெதுவான பொறியில் போகப் போகக் காட்சி பின்தங்கும். அது நிரலரின் பிழை, எழுதலாம். உருவங்களின் விளிம்பு சாய்கோணத்தில் கரைந்து வழிந்தால், உருவத்தைக் கண்டடையப் பார்வைக்கதிர் படிப்படியாக முன்னேறும் கணக்கில் படிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வேகம் வாங்கியிருக்கிறார் என்று பொருள். அந்தப் பேரம் அந்தக் காட்சிக்குத் தகுமா என்று எடைபோட வேண்டும். மூடுபனிக் காட்சியில் தகும், கூர்மையான கட்டடங்களில் தகாது. எந்த அளவுப் பிரிவு, எந்தப் பொறி, எந்த ஆண்டு என்ற மூன்றையும் கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். 1993இல் பின்லாந்தின் அசெம்பிளி கூடலில் வென்ற ஃப்யூச்சர் க்ரூவின் 'செகண்ட் ரியாலிட்டி', கிராஃபிக்ஸ் முடுக்கி இல்லாத அன்றைய பீ.சி.யில் ஓடியது. அந்த வரி இல்லாமல் அதை இன்று மதிப்பிட முடியாது.