படகு கிளம்பும் நேரத்தில் கார்டை நீட்டாதீர்கள்

வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். விடுமுறைக் காலம் முடிந்து ஓரிரு வாரங்களில், தீவுகளுக்குப் போய்வந்தவர்களின் புகார்கள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். கார்டு திருட்டுப் புகார்கள் அவற்றில் குறைவு. அதிகம் வருபவை, புகார் கொடுத்தவரே பட்டனை அழுத்தி ஒப்புக்கொண்ட தொகைகள்தான். கூப்பிட்டு விசாரித்தால் பதில் அநேகமாக ஒன்றுதான்: "படகு கிளம்பிக்கொண்டிருந்தது மேடம். அவர் மெஷினை நீட்டினார், நானும் அழுத்திவிட்டேன்."

அந்த மெஷின் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளிநாட்டுக் கார்டைச் செருகியதும் பல மெஷின்களின் திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த ஊர் நாணயத்தில், மற்றது உங்கள் நாட்டு நாணயத்தில். பழகிய நாணயத்தின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. "உங்க ஊர்ப் பணத்திலேயே போட்டுவிடவா?" என்று விடுதிக்காரர் அன்பாகக் கேட்கவும் செய்வார். சரி என்று தலையாட்டினால், மாற்று விகிதத்தை முடிவு செய்வது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனமும் அல்ல, உங்கள் வங்கியும் அல்ல. அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்து ஒரு விகிதம் போட்டுக்கொள்கிறது. நான் பார்த்த ரசீதுகளில் அந்தக் கூடுதல் 3 முதல் 8 சதவீதம் வரை இருந்திருக்கிறது. சில ஏடிஎம்களில் 10 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறது. 8 சதவீதம் என்றால் 1,000 டாலர் விடுதிக் கணக்கில் 80 டாலர். அதோடு முடிவதில்லை. கடை வெளிநாட்டில் இருக்கிறது என்பதால், உங்கள் நாணயத்திலேயே கட்டியிருந்தாலும் பல வங்கிகள் தங்கள் வெளிநாட்டுக் கட்டணத்தைத் தனியாக எடுத்துக்கொள்கின்றன.

எனவே விலை எந்த நாணயத்தில் சொல்லப்பட்டதோ, அதிலேயே கட்டுங்கள். மாலத்தீவில் மட்டும் இதில் சிலர் குழம்பிவிடுகிறார்கள். அங்கே நாட்டு நாணயம் ருஃபியா, ஆனால் ரிசார்ட்டுகள் விலை போடுவது அமெரிக்க டாலரில். பில் டாலரில் இருந்தால் டாலரிலேயே கட்டுங்கள். உங்கள் நாணயத்துக்கு மாற்றும் வேலையை உங்கள் கார்டு பார்த்துக்கொள்ளட்டும்.

ஏடிஎம்மில் இதே கேள்வி கொஞ்சம் மிரட்டலாக வரும். "இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" மறுத்தால் பணமே வராது என்று பயந்து ஏற்றுக்கொண்டதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மறுப்பது அந்த மெஷினின் விகிதத்தைத்தான். உள்ளூர் நாணயக் கணக்கில் பணம் வெளியே வரும். நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலும் இருக்கிறது. கடைக்காரர் கேட்காமல் தானே அழுத்திவிட்டால், அங்கேயே நின்று அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு எங்களிடம் வந்தால், ரசீதில் "ஒப்புக்கொண்டேன்" என்ற வரிக்கு அருகில் உங்கள் கையெழுத்து இருக்கும். அதை வைத்துக்கொண்டு எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை. இந்தப் பதிலைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கஷ்டப்படும்.

நகரத்துக் கடையிலும் இது நடக்கும்தானே என்று கேட்கலாம். நடக்கும். ஆனால் நகரத்தில் ஒரு மெஷின் சரியில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். தீவில் கடலடிக் கேபிள் ஒன்றையோ செயற்கைக்கோள் இணைப்பையோ நம்பித்தான் மெஷின்கள் எல்லாமே ஓடுகின்றன. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தபோது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. 2017 செப்டம்பரில் மரியா புயல் அமெரிக்க ஆளுகையிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது தீவு முழுக்க மின்சாரம் போய், கார்டு மெஷின்கள் செத்துப்போயின. கடைகளில் ரொக்கம் மட்டுமே செல்லுபடியானது. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி விமானத்தில் பணக்கட்டுகளை அனுப்ப வேண்டியிருந்தது. கணக்கில் எத்தனை பணம் இருந்தாலும் அந்த நாட்களில் சோறு வாங்கித் தந்தது கையில் இருந்த நோட்டுதான்.

இவை பெரிய சம்பவங்கள். நான் அன்றாடம் பார்ப்பது இதன் சின்ன வடிவம். மழை பிடித்துக்கொள்கிறது, இணைப்பு தடுமாறுகிறது, மெஷின் "தோல்வி" என்று காட்டுகிறது. கடைக்காரர் மறுபடி போடுகிறார், மறுபடி தோல்வி. மூன்றாவது முறை போகிறது. ஊர் திரும்பிப் பார்த்தால் கணக்கில் மூன்று முறையும் பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. காரணம் இதுதான்: உங்கள் வங்கி முதல் முறையே சரி சொல்லிவிட்டது. அந்தச் சரி திரும்பி வரும் வழியில் தொலைந்துபோனது. மெஷினுக்குத் தகவல் வரவில்லையே தவிர, உங்கள் கணக்கில் தொகை நிறுத்தி வைக்கப்பட்டாயிற்று. பெரும்பாலும் அது சில நாட்களில் தானாக விடுபடும். ஆனால் டெபிட் கார்டாக இருந்தால், அந்தச் சில நாட்கள்தான் உங்கள் மொத்தப் பயணமும்! முதல் தோல்விக்குப் பிறகு கார்டை மறுபடி கொடுக்கும் முன் வங்கியின் ஆப்பையோ குறுஞ்செய்தியையோ பாருங்கள். தோல்வி என்று அச்சாகும் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச்சீட்டு இருந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும்.

விடுதிகளும் வாகன வாடகைக்காரர்களும் முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பதும் இதே ரகம். அதற்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள், அங்கே நிற்பது உங்கள் கடன் வரம்பு. டெபிட் கார்டில் நிற்பது சாப்பாட்டுப் பணம். ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கோ, இதற்கு நேர்மாறாக, டெபிட் கார்டுதான் நல்லது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணம் தனி, வட்டி பெரும்பாலும் அன்றைக்கே தொடங்கிவிடும்.

ரொக்கம் எங்கே எடுப்பது? பெரிய தீவில், கடைசிப் படகுத் துறைக்கு முன்னால். சின்னத் தீவில் ஏடிஎம் ஒன்றே ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருப்பதிலும் விடுமுறை நாளில் பணம் தீர்ந்தால், அடுத்த படகில் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாலத்தீவில் மாலே நகரத்தில் ஏடிஎம் உண்டு, ரிசார்ட் தீவுகளில் பொதுவாக இராது. மூன்று நாள் சாப்பாடு, தங்குமிடம், திரும்பும் படகுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் போதுமான தொகை சின்ன நோட்டுகளாகக் கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் சுமந்து திரிவதும் ஆபத்துதான்.

இந்தோனேசியத் தீவுகளில் பல ஏடிஎம்கள் பணத்தை முதலில் தந்துவிட்டுக் கார்டைப் பிறகுதான் தரும். பணம் வந்ததும் நகர்ந்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் கார்டை விட்டுவிட்டுப் போகிறார்கள், மெஷின் அதை விழுங்கிவிடுகிறது. பாலியில் மணி சேஞ்சர் கடைகளில் கூடுதல் கவனம் வேண்டும். பலகையில் மற்ற இடங்களைவிட நல்ல விகிதம் போட்டிருந்தால் அதுவே எச்சரிக்கை. சின்ன நோட்டுகளாக அடுக்கி எண்ணிக் காட்டுவார்கள், "ஒருமுறை சரிபார்க்கிறேன்" என்று திரும்ப வாங்கும்போது சில நோட்டுகள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிடும். கடைசியாக எண்ணுவது நீங்களாக இருங்கள். எண்ணிய பிறகு கட்டைத் திரும்பத் தராதீர்கள். நீங்கள் கொண்டுபோகும் டாலர் நோட்டில் கிழிசலோ மைக்கறையோ மடிப்புத் தழும்போ இருந்தால் பல தீவுகளில் வாங்க மறுப்பார்கள், அல்லது குறைத்துத் தருவார்கள்.

மிச்சமாகும் உள்ளூர்ப் பணத்தையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள். குக் தீவுகளில் புழங்குவது நியூசிலாந்து டாலர். கூடவே அவர்களுக்கே உரிய காசுகளும் மூன்று டாலர் நோட்டும் உண்டு. அவை நியூசிலாந்திலேயே செல்லாது. ருஃபியாவையும் மாலத்தீவுக்கு வெளியே மாற்றுவது கடினம்.

பலர் யோசிக்காத ஒன்று சிம். படகுச் சீட்டை இணையத்தில் வாங்கும்போது ஓடிபி வருவது உங்கள் ஊர் எண்ணுக்கு. விமான நிலையத்தில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு பழையதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கார்டு இருந்தும் பயனில்லை. இரண்டு சிம் போடும் போனோ, ரோமிங் திறந்த பழைய போனோ கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாடு ஆப்பில் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு கார்டு கொண்டுபோங்கள், முடிந்தால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.

தனியாகப் பயணம் போன ஒரு பெண் கொடுத்த புகாரை நான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். தீவில் இருந்த ஒரே ஏடிஎம் பணம் தராமலேயே கணக்கில் கழித்துவிட்டது. அவர் பதறி மறுபடி முயலவில்லை. மெஷினில் ஒட்டியிருந்த எண்ணையும், வங்கிப் பெயரையும், திரையில் தெரிந்த நேரத்தையும் போனில் படம் எடுத்தார், அன்றிரவே எங்களை அழைத்தார். இப்படிப்பட்ட புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு கார்டு நிறுவனங்களின் விதிப்படி 120 நாள் அவகாசம் உண்டு என்றாலும், சில வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு வைக்கும் கெடு அதைவிடக் குறைவு. அவர் தந்த எண்ணும் நேரமும் இருந்ததால், அந்த மெஷினின் பதிவேட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று எங்களால் குறிப்பிட்டுக் கேட்க முடிந்தது. பணம் வெளியே வரவில்லை என்று அங்கிருந்த வங்கி ஒப்புக்கொண்டது. முழுத் தொகையும் அவர் கணக்கில் திரும்ப ஏறியது.