மூச்சு விடுவது மெஷினா, குழந்தையா?

"ஆக்சிஜன் 98 காட்டுதே டாக்டர், இன்னும் ஏன் ட்யூபை எடுக்கல?" குழந்தைகள் ஐசியூவில் பெற்றோர் அடிக்கடி கேட்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 98, ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். மூச்சை இழுப்பது குழந்தையா, வெண்டிலேட்டரா என்று சொல்லாது.

மூச்சிழுக்கும் வேலையில் பெரும்பங்கு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையுடையது. வேலை இல்லாவிட்டால் அந்தத் தசை வேகமாக மெலியும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்து வெண்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு 18 முதல் 69 மணி நேரத்திலேயே உதரவிதானத் தசையிழைகள் பாதிக்கு மேல் சிறுத்திருந்தன. குழந்தைகளுக்கும் முதல் சில நாட்களிலேயே ஸ்கேனில் மெலிவு தெரியத் தொடங்கும். கைக்குழந்தைகளின் விலா எலும்புகள் இளசு, படுக்கைவாட்டில் இருப்பவை. அதனால் உதரவிதானம் சோர்ந்தால் மூச்சிழுக்க வேறு துணை அதிகம் இல்லை.

இந்தத் தசையைப் படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம். அக்குளுக்கு நேர்கீழே, கீழ் விலாக்களுக்கு நடுவே புரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடியை) வைத்தால் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கிடையே கறுப்பாக ஒரு பட்டை தெரியும், அதுதான் உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அது தடிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு அதன் தடிமனே ஓரிரு மில்லிமீட்டர்தான், கை சற்று நகர்ந்தால் கணக்கு மாறிவிடும். அதனால் ஒருநாள் எண்ணை நான் நம்புவதில்லை. தோலில் பேனாவால் குறித்துவைத்து, அதே இடத்தில் தொடர்ந்து பார்ப்பதுதான் சரி.

இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகள் விஷயம் தனி. உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு இதயத்தை ஒட்டியே இறங்குகிறது, அறுவையின்போது அடிபடலாம். வெண்டிலேட்டர் காற்றைத் தள்ளும்வரை செயலிழந்த பக்கமும் சமர்த்தாகக் கீழே இறங்கும், எக்ஸ்ரேயிலும் குறை தெரியாமல் போகலாம். மெஷினின் உதவியைக் குறைத்து, குழந்தை தானாக இழுக்கும் சில நொடிகளில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: நல்ல பக்கம் இறங்கும்போது மற்றது மேலே ஏறும். ட்யூபை எடுப்பதும் மறுபடி போடுவதுமாக அல்லாடும் குழந்தைக்கு இதைத் தேடிப் பார்க்காமல் விடக் கூடாது. சிலருக்கு நரம்பு தானாகத் தேறும். தேறாதவர்களுக்குத் தளர்ந்த தசையை மடித்துத் தைப்பார்கள்.

அதற்காக, உதவியைக் குறைத்தால் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். மூக்கு விடைத்து, விலாவுக்குக் கீழே குழி விழ இழுக்கும் குழந்தையின் தசை அதிக உழைப்பாலும் கெடும். அந்தக் குழந்தைக்கு அன்று தேவை கூடுதல் உதவிதான். பெற்றோர் டாக்டரிடம் தினமும் கேட்கலாம்: "இன்னைக்குப் பிள்ளை தானா எவ்வளவு மூச்சு எடுக்குது?"