கடலுக்குச் சத்து கூடினால் மீன் கூடாது

கரையில் மீன் செத்து ஒதுங்கினால் போதும், எனக்கு வருகிற போன்கள் எல்லாம் ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனிக்காரன் சார் விஷத்தைக் கலந்தான்?" பல நேரம் விஷமே இருக்காது. சாக்கடையிலும் உரத்திலும் இருந்து வந்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அதில் பங்கு வகித்திருக்கும். அதைச் சொன்னால் உடனே, "சத்துதானே? மீனுக்கு நல்லதுதானே?" என்பார்கள். படித்தவர்களே இப்படிக் கேட்கும்போதுதான் ஆயாசமாக இருக்கிறது.

மீன் யூரியாவைத் தின்பதில்லை. சத்தை முதலில் பிடிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அவற்றில் நமக்கு வேண்டியது டயட்டம். அதைக் கோப்பிபாட் என்ற மிதவை உயிரி தின்னும், கோப்பிபாட்டைச் சாளையும் நெத்திலியும் தின்னும். ஆனால் டயட்டத்துக்கு ஓடு கட்ட சிலிக்கா வேண்டும், ஏறக்குறைய தழைச்சத்தின் அளவுக்கே. சாக்கடையிலும் யூரியாவிலும் அந்த அளவு சிலிக்கா ஏது? ஆற்றோடு வர வேண்டியதில் ஒரு பகுதி அணைகளிலேயே படிந்துவிடுகிறது. அப்புறம் டயட்டம் பின்தங்கும், சிலிக்கா தேவைப்படாத, சாட்டை போன்ற வாலால் நீந்தும் மிகச் சிறிய கசையுயிரிகள் முந்தும். அவை கோப்பிபாட் பிடித்துத் தின்ன முடியாத அளவுக்குப் பெரும்பாலும் பொடி. நடுவில் இன்னொரு நுண்ணுயிர் அவற்றைத் தின்றால்தான் கோப்பிபாட்டுக்கு ஏதாவது கிடைக்கும்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒவ்வொரு படியிலும் சுமாராகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும். 1000 கிலோ டயட்டம் என்றால் 100 கிலோ கோப்பிபாட், 10 கிலோ மீன். நடுவில் ஒரு படி கூடினால் அதே 1000 கிலோவுக்கு மிஞ்சுவது 1 கிலோ மீன். சாக்கடையின் அழுக்கைத் தின்று பாக்டீரியா பெருகி, அதிலிருந்து தொடங்கும் சங்கிலியில் படிகள் இன்னும் அதிகம். தண்ணீர் உயிரால் நிறைந்திருக்கும், வலை காலியாக வரும்.

பாம்பன் பக்கம் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் கடலுயிரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மக்கில் மொண்டு பார்த்தால் பச்சை ஜவ்வரிசித் துணுக்குகள் மேலே மிதக்கும். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் குட்டிப் பச்சைப் பாசிகள் நீந்துவதும், விழுங்கிய டயட்டங்கள் கிடப்பதும் தெரியும். மீன் முட்டையைக்கூட அது விடாது. அதை விரும்பித் தின்கிற பெரிய உயிர்கள் குறைவு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் நீலமாக ஒளிர்ந்ததும் நாக்டிலூகாதான். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் பச்சையாகப் பெருகியபோது ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய், சிங்கிள் தீவு, குருசடை, பூமரிச்சான் பக்கம் பவளங்கள் செத்தன. காற்றும் நீரோட்டமும் இதைக் கூட்டிவந்து குவிப்பதும் உண்டு. எல்லாப் பழியும் சாக்கடைக்கு என்று நான் சொல்லவில்லை. வந்து சேர்ந்ததற்குச் சாப்பாடு போட வேண்டாம் என்கிறேன்.

"பாசி ஆக்ஸிஜன் தருமே" என்பார்கள். பகலில் தரும். ராத்திரி அதுவும் மூச்சு விட வேண்டும், செத்ததை அழுக வைக்கும் பாக்டீரியாவும் விட வேண்டும். விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்கு வரும். மதியம் 12 மணிக்கு மீட்டரை இறக்கிவிட்டு 'ஆக்ஸிஜன் இயல்பு' என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் கால்வாயில் கொட்டுவது தெரிந்தும் அந்த லாரியையே திரும்பக் கூப்பிடாதீர்கள். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று நிம்மதியாக உட்காராதீர்கள், நாற்றம் போனாலும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதி பல நிலையங்களிலிருந்து வெளியே வந்துவிடும். அவற்றையும் நீக்குகிறார்களா என்று கேளுங்கள். இறால் பண்ணை வைத்திருப்பவர்களே, குளத்துத் தண்ணீரைத் தெளிய விடாமல் ஓடையில் திறந்துவிடாதீர்கள். மழை வரப்போகிற அன்று வயலில் யூரியா வீசாதீர்கள், உங்கள் காசுதான் வாய்க்காலில் போகிறது.

கடலோரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செத்து ஒதுங்கிய மீனைப் பொறுக்கிக் கருவாடு போடாதீர்கள். தண்ணீர் நிறம் மாறினால் வீடியோ எடுத்த கையோடு மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள். முடிந்தால் விடிவதற்குள் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் மொண்டு, நேரத்தையும் இடத்தையும் எழுதி ஒட்டி, நிழலில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் அந்த உருண்டைகள் உடைந்து போயிருக்கும், எண்ணுவதற்கு, ஆய்வு செய்கிற எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.