விரிசல் சொல்லும் வரிசை: லிசியாவின் வெள்ளிக்காசுகள்

இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருந்த லிசியாவை கி.மு. 540 வாக்கில் பாரசீகம் பிடித்தது. ஆனால் அங்கே அடித்த வெள்ளிக்காசுகளில் பாரசீகப் பேரரசர் கிடையாது. காட்டுப்பன்றி, சிங்க முகம், ஒரு வளையத்தைச் சுற்றிச் சுழலும் மூன்று கொக்கிகள், கூடவே உள்ளூர்ச் சிற்றரசரின் பெயர் லிசிய எழுத்தில். கப்பம் ஒழுங்காக வந்தால் சரி, காசில் யார் பெயர் இருந்தால் என்ன என்று மேலிடம் விட்டுவிட்டது போலும். அந்தக் கப்பமும் லேசானதல்ல. லிசியாவும் அண்டை நாடுகளும் சேர்ந்த வரிமண்டலம் ஆண்டுக்கு 400 தாலந்து (ஒரு தாலந்து சுமார் 30 கிலோ) வெள்ளி கட்டியதாக கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

இந்தக் காசுகளில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. அப்படியானால் எது முந்தியது, எது பிந்தியது?

விடை, அடித்த முறையிலேயே இருக்கிறது. எடை சரிபார்த்த வெள்ளி வில்லையைப் பட்டடையில் பதித்த கீழ் அச்சின் மேல் வைத்து, அதன் மேல் உளி மாதிரியான மேல் அச்சை நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அடியை நேரடியாக வாங்கும் மேல் அச்சு சீக்கிரம் உடையும். கீழ் அச்சு பட்டடைக்குள் பத்திரமாக இருப்பதால் அதிக நாள் உழைக்கும். எனவே ஒரே கீழ் அச்சு பல மேல் அச்சுகளோடு ஜோடி சேரும்.

அதற்கும் ஒருநாள் விரிசல் விழும். அச்சில் பள்ளமான விரிசல் காசில் மேடான கோடாகப் பதியும். ஒரு காசில் பன்றியின் முதுகில் மயிரிழை போல ஒரு கோடு. இன்னொன்றில் அதே கோடு கால்வரை ஓடுகிறது என்றால், இரண்டாவதுதான் பிந்தியது. அப்புறம், அதே மேல் அச்சு புதிய கீழ் அச்சோடு சேர்ந்த காசு கிடைத்தால் சங்கிலி அடுத்த கண்ணிக்கு நீளும்.

இதற்கு நிறையக் காசுகள் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். 1984-இல் துருக்கியின் எல்மலி ஊருக்கு அருகே சுமார் 1900 வெள்ளிக்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. திருட்டுத்தனமாக வெளிநாட்டுக்குப் போன அதில் பெரும்பகுதி, நீண்ட வழக்குக்குப் பின் 1999-இல்தான் துருக்கிக்குத் திரும்பியது. குப்ர்லி என்ற சிற்றரசரின் காசுகளுக்குக் காலம் குறிக்க இந்தப் புதையல் பெரிதும் உதவியது.

எடையிலும் ஒரு வேடிக்கை. மேற்கே சாந்தோஸ் பக்கம் ஒரு காசு சுமார் எட்டரை கிராம். கிழக்கே லிமிரா பக்கம் பத்து கிராமை ஒட்டி வரும். இவ்வளவு சின்ன நாட்டில் இரண்டு அளவு! வியாபாரிக்குத் தராசு இல்லாமல் ஆகாது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிற்றரசர்கள் தங்கள் முகத்தையே காசில் போட ஆரம்பித்தார்கள். உயிரோடு இருப்பவரின் முகம் காசில் வந்த மிகப் பழைய உதாரணங்களில் இவையும் உண்டு. லிமிராவின் பெரிக்லே, தாடி வைத்த தன் முகம் நம்மைப் பார்ப்பது போல அடிக்கச் சொன்னார். கி.மு. 360 வாக்கில் அவர் ஆட்சி முடிந்தது. லிசியா, அண்டை நாடான காரியாவின் ஆட்சியாளர் மாசோலஸ் கைக்குப் போக, சிற்றரசர் காசுகளும் நின்றன.