பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு ஒரு மெயில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் என் தாய்மாமா மரப் பேலட் செய்கிறார். தொழிற்சாலைகளில் சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்குவார்களே, அந்தச் சரக்குக்கு அடியில் இருக்கும் பலகைத் தட்டு. இத்தனை வருடமும் தெரிந்தவர்கள் மூலமாகத்தான் ஆர்டர் வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பினாங்கை விட்டே போன பிறகு, முன்பின் தெரியாத கம்பெனிகளுக்கு அவரே மெயில் எழுத வேண்டிய நிலைமை. விற்பனைத் துறையில் இதைத்தான் கோல்ட் மெயில், அதாவது 'குளிர்' மெயில் என்கிறார்கள். மாமா யாரிடமோ 300 முகவரிகள் உள்ள பட்டியல் ஒன்றை விலைக்கு வாங்கினார். "சிறந்த தரம், குறைந்த விலை" என்று தலைப்பிட்டு, ஒரே கடிதத்தை 300 பேருக்கும் ஒரே காலையில் அனுப்பிவிட்டார். இரண்டு வாரமாகியும் ஒரு பதில்கூட இல்லை.

"போய்ச் சேர்ந்துச்சா இல்லையா, அதையாவது பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன். அது நேராக, வேண்டாத மெயில்களை ஒதுக்கும் என் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தது. மெயிலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் மேலே மூன்று சோதனைகளின் முடிவுகள் இருந்தன: முதலாவது தோல்வி, இரண்டாவது இல்லை, மூன்றாவது தோல்வி. மாமா குறிவைத்த, தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் ஒரு மனிதர்கூட அந்தக் கடிதத்தை வேண்டாம் என்று ஒதுக்கியிருக்க வாய்ப்பில்லை. அது மனிதர் கண்ணிலேயே பட்டிருக்காது.

இந்தச் சிக்கலின் வேர் செலவில் இருக்கிறது. மெயில் அனுப்பக் காசு வேண்டாம். தபாலில் 300 கடிதம் போடுவதென்றால் தபால்தலை, உறை, கையெழுத்து என்று கொஞ்சமாவது கைவலிக்கும். அந்த வலியே பெறுபவருக்கு ஒரு சான்று: இவர் என்னைத் தேர்ந்தெடுத்துத்தான் எழுதியிருக்கிறார். மெயிலில் அந்தச் சான்று கிடையாது. 1978 மே மாதம், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஒரு கணினி நிறுவன விற்பனையாளர் தம் புதிய கணினியைப் பார்க்க வரும்படி சுமார் 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். புகார்கள் குவிந்தன. ஒருவருக்கு அனுப்பினாலும் 400 பேருக்கு அனுப்பினாலும் செலவு ஒன்றே என்ற உண்மை அன்றே தெரிந்துவிட்டது.

இல்லாத செலவைச் செயற்கையாக உண்டாக்கவும் முயன்றிருக்கிறார்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்புபவரின் கணினி ஒரு கடினமான கணக்கைப் போட்டு, விடையைக் கூடவே இணைக்க வேண்டும் என்று 1992இல் சிந்தியா டுவார்க், மோனி நாவோர் என்ற இரு கணினி விஞ்ஞானிகள் முன்மொழிந்தார்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு கணக்கு என்றால் யாருக்கும் பாரமில்லை, பத்து லட்சம் கடிதத்துக்குப் பத்து லட்சம் கணக்கு என்றால் கட்டுப்படியாகாது. 1997இல் ஆடம் பேக் உருவாக்கிய ஹேஷ்கேஷும் அதே வழியில் வந்தது. மெயில் உலகில் இது பரவவில்லை. ஆனால் அந்த யோசனைதான் பின்னாளில் பிட்காயினுக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. மெயிலைப் பொறுத்தவரை, காசுக்குப் பதிலாக வேறு சான்றுகளைத் தேடும் வழக்கம் வந்தது. முதலில் இயந்திரம் தேடுகிறது, அப்புறம் மனிதர் தேடுகிறார்.

இயந்திரம் கேட்கும் முதல் கேள்வி, நீ சொல்லும் ஆள் நீதானா என்பது. மெயிலை எடுத்துச் செல்லும் நெறிமுறை 1982இல் எழுதப்பட்டபோது ஒருவரையொருவர் நம்பும் ஆராய்ச்சியாளர்களே அதைப் பயன்படுத்தினார்கள். அதனால் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலை. போதாக்குறைக்கு, தபாலில் உறையும் உள்ளே கடிதமும் இருப்பதைப் போல மெயிலிலும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. உறையில் உள்ளதை மெயிலைக் கொண்டுசேர்க்கும் கணினிகளான சர்வர்கள் பார்க்கும், கடிதத்தில் உள்ளதை நாம் பார்ப்போம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த நெறிமுறையில் இல்லை. அந்த ஓட்டையைப் பின்னாளில் மூன்று ஒட்டுப்போட்டு அடைத்தார்கள்.

இதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் பட்டறையில் கிடந்த பேலட்டே கைகொடுத்தது. ஏற்றுமதிக்குப் போகும் மரப் பேலட்டில் பூச்சி இருக்கக் கூடாது. ஐஎஸ்பிஎம் 15 என்ற அனைத்துலக விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் சூட்டுக்கோலால் ஒரு முத்திரை: கதிர் போன்ற ஒரு சின்னம், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, செய்தவரின் பதிவு எண், பதப்படுத்திய முறை. ரோட்டர்டாம் துறைமுக அதிகாரிக்கு மாமாவைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. முத்திரையைப் பார்ப்பார், விட்டுவிடுவார்.

எஸ்பிஎஃப் என்ற முதல் சோதனை ஒரு பெயர்ப்பட்டியல். 'என் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்குத்தான் அனுமதி' என்று டொமைனின், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின், உரிமையாளர் டிஎன்எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கிறார். மாமாவின் பட்டியலில் அவருடைய வழக்கமான மெயில் சேவை மட்டும் இருந்தது. 300 மெயிலையும் அனுப்பியதோ வேறொரு மொத்த மெயில் கருவி. ஆகவே தோல்வி.

இரண்டாவதான டிகிம்தான் உண்மையான முத்திரை. அனுப்பும் சர்வர் கடிதத்தின் உள்ளடக்கத்தை ஒரு கணக்கில் போட்டு அரைத்துச் சுருக்குகிறது. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் விலை 500 வெள்ளி என்பதில் ஒரு பூஜ்யம் கூடினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். அந்தக் கைரேகையைத் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் பூட்டிக் கடிதத்தின் தலையில் ஒட்டுகிறது. சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லாருக்கும் திறந்திருக்கும். பெறும் சர்வர் அதை எடுத்துச் சோதித்து, நடுவழியில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்கிறது. மாமாவின் கடிதத்தில் அந்த முத்திரையே இல்லை.

மூன்றாவது டிமார்க். நம் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியும், மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது உறுதி செய்த டொமைனும் ஒன்றுதானா என்று பார்க்கும். இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் உரிமையாளரே சொல்லிவைக்கலாம்: விட்டுவிடு, ஒதுக்கிவை, திருப்பி அனுப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. சிறிய அளவில் அனுப்புபவர்களும் மூன்றையும் செய்துவைப்பதுதான் நல்லது. டொமைன் அமைப்பில் சில வரிகளைச் சேர்த்தோம். ஒரு மாலை வேலை, அவ்வளவுதான்.

"அப்ப சூடு காட்டாத மரத்தைக் கப்பல்ல ஏத்தப் பார்த்திருக்கேன்" என்றார் மாமா. இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆள் யார் என்று தெரிந்ததும், பேச்சு எப்படி என்று இயந்திரம் பார்க்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விட்டுச்சென்ற ஒரு கணக்கு இங்கே வேலை செய்கிறது. 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எளிமையாக விளக்கி எழுதிய பிறகு இது ஸ்பேம் வடிகட்டிகளில் பரவலானது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஸ்பேம் மெயிலில் 'இலவசம்' என்ற சொல் 40இல் வருகிறது, 100 நல்ல மெயிலில் 2இல் வருகிறது. அப்படியானால் அந்தச் சொல் இருக்கும் கடிதம் ஸ்பேமாக இருக்க 20 பங்கு, நல்லதாக இருக்க 1 பங்கு வாய்ப்பு, அதாவது 20க்கு 1. அதே கடிதத்தில் 'ஈரப்பதம்' என்ற சொல்லும் இருக்கிறது. தொழிற்சாலைக் கொள்முதல் அதிகாரிக்கு வரும் நல்ல மெயிலில் அது 30 முறை, ஸ்பேமில் ஒரே முறை. இப்போது 1க்கு 30. இரண்டையும் பெருக்கினால் 20க்கு 30. சந்தேகம் 95 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

இன்றைய வடிகட்டிகள் இதைவிடப் பெரிய இயந்திரக் கற்றல் மாதிரிகளை நம்புகின்றன. இருந்தாலும் இந்தப் பழைய கணக்கு சொல்லும் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. தொழில் தெரிந்தவர் வாயில்தான் தொழில் சொல் வரும். 'சிறந்த தரம்' என்று யாரும் எழுதலாம். மரத்தின் ஈரப்பதத்தைப் பற்றி எழுத மரத்தோடு பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கமும் ஒரு செலவுதான்.

அடுத்து நற்பெயர். பெற்றவர்கள் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். 300 பேரில் ஒருவர் அழுத்தினாலே 0.33. விலைக்கு வாங்கிய பட்டியல் ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே போதும். தவிர, அப்படிப்பட்ட பட்டியல்களில் செத்துப்போன முகவரிகளும், ஸ்பேம் அனுப்புபவர்களைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அந்தப் பட்டியலை மாமா என் கண் முன்னாலேயே அழித்தார்.

தலைப்பில் தமிழில் வணக்கம் போடலாமா என்று நடுவில் கேட்டார். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மொத்த வியாபாரிகள் சிலருக்கும் எழுதும் எண்ணம் அவருக்கு. தாராளமாகப் போடலாம். பழைய நெறிமுறைக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும் என்பதால், தமிழ் உருமாறித்தான் பயணம் செய்கிறது. 'வணக்கம்' என்பதில் நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனிக் குறியாகி 7 ஆகும். ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். அதை ஆங்கில எழுத்துகளாகப் பெயர்த்தால் 28. அந்தப் பக்கம் போனதும் எல்லாம் திரும்பக் கூடி வணக்கமாகிறது.

சரி, கடிதம் பெட்டிக்குள் போய்விட்டது. இனி மனிதர். கொள்முதல் அதிகாரி கைப்பேசியில் பார்க்கிறார். அனுப்புநர் பெயர், தலைப்பின் முதல் சில சொற்கள், கடிதத்தின் முதல் வரி, இவ்வளவுதான் தெரியும். அவரும் இயந்திரத்தைப் போலவே சான்றைத்தான் தேடுகிறார்: இது எனக்காக எழுதியதா, எல்லாருக்கும் எழுதியதா? பெயரை மட்டும் மாற்றிப் போடுவது இனிச் சான்றாகாது, அதை மென்பொருளே செய்துவிடும்.

பத்து காவான் என்ற ஊரில் ஒரு நிறுவனம், தான் தயாரிக்கும் சோதனை இயந்திரத்தை ஏற்றுமதி செய்யத் தொடங்கியிருப்பதாகத் தன் இணையதளத்தில் அறிவித்திருந்தது. இயந்திரத்தின் விவரத்தாளும் அங்கேயே இருந்தது. அதை அச்செடுத்துக் கொடுத்தேன். மாமா அரை மணி நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ஒரு பக்கம் கனம்பா. சாதாரண பேலட்ல வெச்சுத் தூக்குனா சாயும்" என்றார்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் கடிதமாக்கினோம். ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்:

"உங்கள் சோதனை இயந்திரத்தின் விவரத்தாளைப் பார்த்தேன். எடை இடது பக்கம் கூடுதலாக இருக்கிறது. 1,100 மில்லிமீட்டர் சதுர பேலட்டில் வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போது சாயக்கூடும். இடது பக்கம் ஒரு கட்டை கூடுதலாக வைத்து, ஐஎஸ்பிஎம் 15 முத்திரையோடு பிறையில் செய்து தருகிறேன். வரைபடம் அனுப்பட்டுமா?"

நிறுவன வரலாறு கிடையாது, இணைப்புக் கோப்பு கிடையாது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி. கீழே, வேண்டாமென்றால் ஒரு வரி எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம் என்று சேர்த்தோம். மரியாதைக்காக மட்டும் சேர்த்ததல்ல அது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, தம் தரவை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்தாதே என்று எழுதிக் கேட்கும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது.

யார் திறந்தார்கள் என்று காட்டும் கருவியை நான் சேர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தைக் கடிதத்தில் ஒளித்துவைத்து, அது சர்வரிலிருந்து இறங்கும்போது எண்ணிக்கொள்வது அதன் வேலை. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் படங்களை முன்கூட்டியே இறக்கும் வசதியைக் கொண்டுவந்ததிலிருந்து, ஆள் திறக்காமலேயே திறந்ததாகக் காட்டும். பதில் வந்ததா என்பதுதான் நம்பக்கூடிய ஒரே கணக்கு. நாளைப் பற்றி ஒரு வார்த்தை: பக்கத்து மாநிலமான கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. பினாங்குப் பழக்கத்தில் அங்கே வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக் குவியலுக்கு அடியில் போய்விடும்.

அந்த வாரம் மொத்தம் நான்கு மெயில். நான்கும் நான்கு விதம். ஒவ்வொன்றுக்கும் மாமா ஒரு விவரத்தாளையோ சரக்கின் படத்தையோ உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது நாள் பத்து காவானிலிருந்து இரண்டு வரி வந்தது: உங்கள் பதிவு எண்ணை அனுப்புங்கள், மாதிரிக்கு 6 பேலட் எப்போது கிடைக்கும்?

"வியாழக்கிழமைதான் சூட்டறை காலி. அடுத்த செவ்வாய்னு எழுது" என்றார் மாமா. அப்படியே எழுதினேன்.